சுவருக்குச் சுண்ணாம்பு, சிந்தைக்கு?

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்பது பழமொழி. பட்டறிந்தோர் சொல்லி வைத்த சொல் அது. இன்று அதனோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: கட்டிய வீட்டை மாற்றிப் பார்!

மாற்றுவதற்கு வழிகாட்டும் நூல்கள் கடைத்தெருவிலே குவிந்து கிடக்கின்றன. வழுவழுப்பான தாள், வண்ண வண்ணப் படங்கள். வரவேற்பறைக்கு இன்ன நிறம், படுக்கையறைக்கு இன்ன திரைச்சீலை, அடுக்களைக்கு இன்ன அலமாரி, குழந்தைகள் அறைக்கு இன்ன விளக்கு என்று அறை அறையாக யோசனை கூறுகின்றன. அவற்றுள் ஐந்தாறை ஊன்றிப் படித்தேன். குறை காணவேண்டும் என்ற எண்ணத்தோடு படிக்கவில்லை. அழகு நமக்குப் பகையன்று. ஏழையின் குடிசையிலேயும் ஒரு மாடம் உண்டு. மாடத்திலே ஒரு விளக்கு உண்டு. நல்ல நிறமும் நல்ல காற்றும் உழைத்து அலுத்து வருவோர்க்கு உரிமையே தவிர, ஊதாரித்தனம் அன்று.

ஆனால், அந்நூல்களின் படங்களிலே ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. மனிதரைத் தேடினேன்! நாற்காலி உண்டு, அமர்ந்திருப்பார் இல்லை. அடுப்பு உண்டு, சமைப்பார் இல்லை. பளிங்குத் தரை உண்டு, அதனைக் குனிந்து துடைப்பார் இல்லை. எந்தப் பொருள் எங்கே இருக்கவேண்டும் என்று பக்கம் பக்கமாகப் பேசும் இந்நூல்கள், எந்த மனிதர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், யார் விதித்து நிற்கிறார் என்ற கேள்வியை எழுப்பவே இல்லை. அவற்றின் மீது நான் சாட்டும் முதற்குற்றம் இது. வீடு என்பது செங்கல்லால் எழுதப்பட்ட சமுதாயச் சட்டம். சட்டத்தை மாற்றாமல் அட்டையை மட்டும் மாற்றிப் பயன் என்ன?

மூலைகளின் ஆட்சி

இரண்டாவது குற்றம், அந்நூல்களின் கடைசி அதிகாரத்திலே இருக்கிறது. முன்பகுதி முழுவதும் புதுமை பேசிவிட்டு, முடிவிலே வாஸ்துவின் காலடியில் விழுகின்றன. அடுக்களை அக்கினி மூலையிலே, அதாவது தென்கிழக்கிலே இருக்கவேண்டுமாம். பூசைக்கு ஈசானிய மூலையாம். மனையடி சாஸ்திரமோ, அறையின் நீளம் இத்தனை அடியானால் செல்வம், ஓரடி கூடினால் வறுமை என்று பலன் கூறுகிறது. நம் கொத்தனார் கையில் இருக்கும் அளவுகோல் ஆங்கிலேயன் கொண்டுவந்த 12 அங்குல அடி. அந்த அடியைக் கண்டிராத காலத்தின் சாஸ்திரம், அந்த அடிக்கு எப்படிப் பலன் சொல்லிற்று? கேட்டால் விடையில்லை; கேட்டவன் நாத்திகன் என்ற பட்டந்தான் உண்டு.

“வாஸ்துவும் அறிவியலே, காற்றையும் வெளிச்சத்தையும் கணக்கிட்டுச் சொன்னதே” என்று வாதிடும் படித்தவர்களும் உளர். நன்று, காற்றையே சாட்சிக்கு அழைப்போம். சென்னையிலே கோடை நாளின் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுகிறது. தென்கிழக்கு மூலையில் அடுப்பு இருந்தால், புகையும் தாளிப்பு நெடியும் வீட்டுக்குள்ளேயே தள்ளப்படும். கோவையிலோ பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வருகிறது. சென்னைக்கும் கோவைக்கும் காற்று வேறு, வெப்பம் வேறு. மூலை மட்டும் எப்படி ஒன்றாகும்? காற்றைக் கணக்கிட்ட நூலானால் ஊருக்கு ஊர் விதி மாறியிருக்க வேண்டாமா?

உண்மையிலே பழைய மனை நூல்கள் எதைக் கணக்கிட்டன என்று பார்ப்போம். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்கிதை, மனை இலக்கணம் கூறும் பகுதியிலே வீட்டின் அகலத்தை வருணத்துக்கு ஏற்ப வரையறுக்கிறது. பார்ப்பனர்க்கு 32 முழம், அரச குலத்தார்க்கு 28, வணிகர்க்கு 24, நான்காம் வருணத்தார்க்கு 20. அதற்கும் கீழே தள்ளப்பட்டோர்க்கு அதனினும் குறைவு. மண்ணின் நிறத்திலும் சாதி உண்டு. வெள்ளை மண் பார்ப்பனர்க்கு, சிவப்பு மண் அரசர்க்கு, மஞ்சள் மண் வணிகர்க்கு, கறுப்பு மண் சூத்திரர்க்கு! பருத்தி விளையும் கரிசல் மண்ணைக் கீழ்மக்களுக்கு என்று ஒதுக்கிய ‘அறிவியல்’ இது. தன் பாட்டனுக்கு 20 முழத்துக்கு மேல் கூடாது என்று விதித்த மரபிடம், பேரன் இன்று பணம் கொடுத்து யோசனை கேட்கிறான். இதைவிட இரங்கத்தக்க காட்சி வேறு உண்டோ?

இது ஏட்டளவிலான வாதம் அன்று. என்னோடு பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், நல்லவர், கணக்குப் பாடம் நடத்துபவர், சென்ற ஆண்டு கடன் வாங்கி அடுக்களையை இடித்தார். வடமேற்கில் இருந்த அடுப்பு தென்கிழக்குக்குக் குடிபெயர்ந்தது. புது அலமாரி, புதுப் பளிங்கு. வீடு பார்க்க அழைத்தார், போனேன். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் அவர் மகள், மாடிப்படியின் மூன்றாம் படியிலே அமர்ந்து, நான்காம் படியை மேசையாக்கி எழுதிக்கொண்டிருந்தாள். மூலைக்கு அஞ்சிச் சுவரை இடித்த தந்தைக்கு, மகளுக்கு ஒரு மூலை வேண்டும் என்பது தோன்றவில்லை. அவரை நான் பழிக்கவில்லை. அவர் கேட்ட வழிகாட்டிகள் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

தூண் வரட்டும், துயரம் வேண்டா

வாயிலிலிருந்து தொடங்குவோம். பழமையின் அழகைப் புதுவீட்டுக்குக் கொணர்வது இப்போது செல்வர் வழக்கம். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலே இடிந்த வீடுகளின் தேக்குத் தூண்களும் கதவுகளும் விலைக்குக் கிடைக்கின்றன. சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியிலே, கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையாலேயே செய்யப்படும் தரையோடுகள் கூடத்துக்கு வருகின்றன. தமிழ்த் தொழிலாளியின் கைத்திறன் வாழ்கிறதே என்று மகிழலாம், நான் மகிழ்கிறேன்.

ஆனால், அந்தப் பெருவீடுகள் எவ்வாறு பகுக்கப்பட்டிருந்தன என்பதை மறக்கலாகாது. முகப்பிலே ஆடவரின் கணக்கும் வாணிகமும், நடுவே வளவு, பின்னே, இன்னும் பின்னே, பெண்டிரும் அடுக்களையும். திண்ணை வழிப்போக்கர்க்கு நிழல் தந்தது என்று பாடுகிறோம். எல்லா வழிப்போக்கர்க்குமா? திண்ணையில் யார் அமரலாம், யார் தெருவிலேயே நிற்கவேண்டும், யார் கொல்லைப்புற வழியாக மட்டுமே வந்து போகவேண்டும் என்பதற்கு எழுதப்படாத விதி இருந்தது. தூணை வாங்குங்கள், தூணோடு வரும் அந்த வரிசைமுறையை வாங்காதீர்கள். இன்றுகூட எத்தனை வீடுகளில் வேலை செய்யும் அம்மையார்க்குத் தனிக் குவளை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாற்பதாயிரம் ரூபாய் சோபாவுக்கு எதிரே அவர் தரையிலே அமர்கிறார் என்றால், அந்தக் கூடம் இன்னும் பழைய கூடமே.

அடுக்களை என்னும் அளவுகோல்

என் வகுப்பிலே ‘எங்கள் வீடு’ என்று படம் வரையச் சொன்னேன். அலங்கார நூல்களில் காணாத மனிதர்களைப் பிள்ளைகள் மறவாமல் வரைந்தனர். தந்தை கூடத்திலே தொலைக்காட்சியின் முன், பாட்டி திண்ணையிலே, தாய் அடுப்பின் முன். ஒரு சிறுமி மட்டும் தந்தையை அடுக்களையில் நிறுத்தியிருந்தாள். மகிழ்ந்து கிட்டே போய்ப் பார்த்தேன். “அம்மா ஊருக்குப் போன நாள்” என்று அடியிலே விளக்கம் எழுதியிருந்தாள்!

ஆகவேதான் வீட்டின் எந்த அறையை விட்டாலும் அடுக்களையை விடக்கூடாது என்கிறேன். இன்று விளம்பரங்களில் மின்னும் ‘மாடுலர் கிச்சன்’ வானத்திலிருந்து குதித்ததன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் நடுவே ஒரு வீரப்பெண் உண்டு. ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி 1926-இல், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரிலே தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஓர் அடுக்களையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயிலின் உணவுப் பெட்டியிலே இத்தனை சிறிய இடத்தில் இத்தனை பேர்க்குச் சமைக்கிறார்களே என்பதைக் கண்டு, ஒவ்வோர் அசைவையும் அளந்து, கைக்கெட்டும் தொலைவிலே பொருளை வைத்தார். மாவுக்கும் அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த பெட்டிகள், சுழலும் முக்காலி, மடக்கி வைக்கும் தேய்ப்புப் பலகை. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைந்தது. அவர் நோக்கம் அலங்காரம் அன்று. உழைக்கும் பெண்ணின் நேரத்தை மீட்பது. நாசிசத்தை எதிர்த்ததற்காக 1941-இல் சிறைப்பட்டு, 1945-இல் விடுதலை பெற்று, 2000-ஆம் ஆண்டில் நூற்றாண்டைக் கடந்த பின்னர் மறைந்தார்.

போற்றுதற்குரியவர். ஆயினும் திறனாய்வு என்பது போற்றுதலோடு நிற்பதன்று. அந்த அடுக்களையிலே இருவர் சேர்ந்து நிற்க இடமில்லை. பெண்ணின் கால் நடை குறைந்தது, கைவேலை விரைந்தது, ஆனால் அவள் தனியளானாள். கணவனும் பிள்ளைகளும் கூடத்தில். அவள் ஒரு கதவுக்கு அப்பால். வேலையை எளிதாக்கியவர், வேலையைப் பங்கிட இடம் வைக்கவில்லை. பின்வந்த பெண்ணியவாதிகள் எழுப்பிய இந்தக் குற்றச்சாட்டு நியாயமானதே.

நம் நாட்டுக் கதையும் இதற்கு வேறானதன்று. ஆட்டுக்கல்லின் முன் மணிக்கணக்காக அமர்ந்த தாய்மாரைக் கோவையிலே 1950-களில் பிறந்த மின் கிரைண்டர் எழுப்பி விட்டது. புகையில்லா அடுக்களை பற்றி ஐதராபாத் பொறியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு எழுதிய நூல் 1953-இல் சென்னையிலேயே வெளிவந்தது. 2006-இல் அமைந்த தி.மு.க. அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பை இலவசமாக வழங்கிற்று. 2011-இல் அமைந்த அ.தி.மு.க. அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கிற்று. “இலவசம்” என்று எள்ளி நகைத்தோர் உண்டு. அவர்களுள் எவரும் ஊதுகுழல் பிடித்துக் கண் சிவந்தவர் அல்லர். எந்த அலங்கார நிபுணரையும்விடத் தமிழகத்து அடுக்களையை மாற்றியவை இந்தப் பொருள்களே.

மாறியது அடுக்களை. மாறினரா மனிதர்? இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2019-இல், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் உழைத்தனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஆண்களுள் அவ்வாறு ஈடுபட்டோரே நூற்றுக்கு 26 பேர்தாம். பெண்களுள் 81 பேர். மீண்டும் 2024-இல் எடுத்த கணக்கிலே பெண்களின் நேரம் 289 நிமிடமாயிற்று. பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழுமுன் அடுத்த எண்ணையும் பார்த்துவிடுங்கள்: ஆண்களின் நேரம் 88 நிமிடமாயிற்று! அவளுக்குப் பத்து நிமிடம் குறைந்தபோது அவனும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டான். இடைவெளி 202 நிமிடமாக இருந்தது. 201 நிமிடமாக இருக்கிறது. ஐந்தாண்டில் நம் சமத்துவத்தின் பயணம் ஒரு நிமிடம்!

ஆதலின், அடுக்களையை மாற்ற எண்ணும் தோழர்க்கு என் யோசனை நிறத்தைப் பற்றியதன்று. இருவர் தோள் உரசாமல் நிற்கும் அகலம் வையுங்கள். கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையிலுள்ள சுவரிலே பெரிய திறப்பு வையுங்கள்; சமைப்பவர் பேச்சிலே கலக்கட்டும், பேசுபவர் வெங்காயம் நறுக்கட்டும். மேடையின் உயரம், அங்கே மிகுதியாக நிற்பவரின் முழங்கைக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். முதுகுவலி பாதி போகும். புகை வெளியேறக் காற்று வெளியேறும் திசையிலே சன்னல் வையுங்கள். அந்தத் திசை எந்த மூலையானாலும் சரி. பிராங்பர்ட் பெட்டிகளைப் போல ஒவ்வொரு டப்பாவின் மீதும் பெயர் எழுதுங்கள். “கடுகு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதே” என்பது ஆண்குலத்தின் கடைசிக் கோட்டை. அதனைத் தகர்க்க ஒரு மைக்கூடு போதும்.

ஓர் இடம், ஒரு மேசை

1929-இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சொத்திலே சமபங்கு வேண்டும் என்று தீர்மானித்தது. அறுபதாண்டு கழித்து, 1989-இல், கலைஞர் ஆட்சியிலே தமிழகம் அதனைச் சட்டமாக்கிற்று. இன்று குடும்பத்துப் பூர்விக வீட்டிலே மகளுக்குப் பங்கு உண்டு. பத்திரத்தில் உண்டு, நீதிமன்றத்தில் உண்டு. ஆனால் அதே வீட்டிலே, அவள் புத்தகத்தை விரித்து வைக்க மூன்றடி மேசை உண்டா? பூசைக்கு ஓர் அறை ஒதுக்கப்படுகிறது; படிப்புக்கு மாடிப்படி ஒதுக்கப்படுகிறது. நம்புவோர் நம்பிக்கையை நான் பறிக்கவில்லை. நம்புவோர்க்கு ஒரு மாடம் போதும். நாளுக்கு ஐந்து நிமிடம் பயன்படும் அறை பெரிதா, நாளுக்கு ஐந்து மணி நேரம் பயன்படும் மேசை பெரிதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். சன்னலோரம் ஒரு பலகை, மேலே ஒரு விளக்கு, பக்கத்திலே ஒரு புத்தகத் தட்டு. இதற்குத் தச்சர் ஒருநாள் கூலி போதும். கடன் வேண்டா, சோதிடர் வேண்டா.

“இவையெல்லாம் மாடி வீட்டார் பேச்சு; ஏழைக்கு எதற்கு வடிவமைப்பு?” என்று கேட்கலாம். ஏழைக்குத்தான் முதலில் வேண்டும் என்பேன். 2024-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்திலே வீட்டின் பரப்பு 360 சதுர அடி. 3,600 சதுர அடி உடையவன் 100 அடியை வீணாக்கலாம். 360 உடையவன் ஓரடியையும் வீணாக்க இயலாது. இங்கிலாந்திலே பிறந்து கேரளத்தைத் தாயகமாக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், எளியவர் வீடும் அழகாகலாம் என்பதைக் கட்டிக் காட்டினார். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையால், ஏறத்தாழக் கால் பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தினார். அந்த வெற்றிடமே வெப்பத்தையும் தடுத்தது. பூச்சு வேண்டாத சுவர், காற்று நுழையும் துளைச்சுவர்: இவை அவர் கண்ட அணிகலன்கள்.

நம் ஊரின் ஞாயிற்றையும் கவனியுங்கள். சென்னையிலே ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியிலே நிற்கிறது. ஆகவே கோடையிலே சுவரைவிடக் கூரையே மிகுதியாகக் காய்கிறது. கூடத்துக்கு விலையுயர்ந்த வண்ணம் பூசுவதற்குமுன், மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், கீழே படுப்போர் நிம்மதியாக உறங்குவர். இதுவும் ‘சாஸ்திரந்தான்’, ஆனால் யார் பூசினாலும், எந்தச் சாதியார் வீட்டிலே பூசினாலும், ஒரே பலன் தரும் சாஸ்திரம்!

வீட்டின் அமைப்பை மாற்றினால் சமுதாயத்தின் அமைப்பையும் அசைக்கலாம் என்பது வெறுங்கனவன்று. 1997-இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்களை நினைத்துப் பாருங்கள். நூறு வீடுகள், 40 ஆதிதிராவிடர்க்கு, 25 பிற்படுத்தப்பட்டோர்க்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு, 10 ஏனையோர்க்கு. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்த கோடு அந்த வரைபடத்திலே இல்லை. மதில் அடுத்து மதிலாக வாழ்வதால் மட்டும் சாதி செத்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் வரைபடத்தால் வளர்த்த நோய்க்கு வரைபடத்தாலேயும் மருந்து இடலாம் என்பதை அது மெய்ப்பித்தது. தெருவுக்குப் பொருந்தியது வீட்டுக்குப் பொருந்தாதா?

தோழர்களே! மேடையிலே சமத்துவம் பேசிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் நாம், தட்டிலே சோறு போட ஒருத்தி விழித்திருப்பதைக் காண்கிறோம். அவள் எந்த அறையிலே விழித்திருந்தாள், அந்த அறையிலே காற்று வந்ததா, அமர ஒரு முக்காலி இருந்ததா என்று கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை; இந்நூல்களைப் படித்த பின்புதான் கேட்டேன். அந்த அளவில் அவற்றுக்கு என் நன்றி.

அடுத்த முறை வண்ணப்பூச்சு வாங்கக் கடைக்குப் புறப்படுமுன், ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் வீட்டை வரையுங்கள். நாற்காலிகளை வரையவேண்டா, மனிதர்களை வரையுங்கள். யார் எங்கே எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். எந்த அறையிலே ஒருவரே எந்நாளும் நிற்கிறாரோ, அந்த அறையின் சுவரை முதலில் இடியுங்கள். பிறகு பூசலாம் சுண்ணாம்பு.